தாத்தாவுக்கும் பேரனுக்கும் ஒரே குறையா?

வணக்கம் சகோதரி. பக்கவாதத்துக்குப் பிறகு அப்பாவுக்குப் பேச்சு வரவில்லை, நான்கு வயது மகனும் தெளிவாகப் பேசவில்லை, இது பரம்பரையா என்று கேட்டிருந்தீர்கள். தாத்தாவின் பக்கவாதம் பேரனின் பேச்சைத் தடுக்காது. அந்தப் பயத்தை முதலில் விடுங்கள்.

அப்பாவுக்கு வந்திருப்பது அஃபேசியாவாக இருக்கலாம். தெரிந்த சொல் வாய்க்கு வராது. 1861-இல் புரோக்கா என்ற பிரெஞ்சு மருத்துவர் பார்த்த நோயாளிக்கு ‘டான்’ என்ற ஒரே அசைதான் வந்தது. மற்றவர்கள் பேசுவது பெரும்பாலும் புரிந்தது. என் அம்மாவும் தண்ணீர் டம்ளரைக் காட்டி “சாவி, சாவி” என்பார். தப்பு என்று அவருக்கே தெரிந்து கண் கலங்கும். ஆனால் ஒன்று, இரண்டு என்று நான் தொடங்கினால் பத்து வரை கடகடவென்று சொல்லிவிடுவார்! எண்ணுவதும் பாடுவதும் பலருக்கு மிஞ்சியிருக்கும். அதைப் பிடித்துத்தான் பயிற்சியைத் தொடங்கினோம். அப்பா சொல்லைத் தேடும்போது நீங்கள் முந்திக்கொண்டு சொல்லிவிடாதீர்கள், கொஞ்சம் காத்திருங்கள். திடீரென்று பேச்சு மேலும் குளறினால் அந்த நிமிடமே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.

மகன் விஷயம் வேறு. அவன் இப்போதுதான் பேசக் கற்றுக்கொண்டிருக்கிறான். முதலில் காது சோதனை செய்யுங்கள். அது சரியாக இருந்தால், ‘பட்டம்’ என்பதை ஒருமுறை ‘பத்தம்’, மறுமுறை ‘டப்பம்’ என்று மாற்றி மாற்றிச் சொல்கிறானா, நாக்கை எங்கே வைப்பது என்று திணறுகிறானா என்று கவனியுங்கள். அப்படியானால் அப்ராக்சியாவாக இருக்கலாம். வாயசைவைத் திட்டமிடுவதில் மூளைக்கு வரும் சிக்கல் அது. அப்புறம், ‘தானாக வரும்’ என்று காத்திருக்காமல் இந்த மாதமே பேச்சுப் பயிற்சியாளரிடம் காட்டிவிடுங்கள்.