பாலைவனத்தில் பூந்தோட்டக் கண்காட்சி: கேட்டதும் சொன்னதும்

கத்தாரின் தலைநகர் தோஹாவில் 2023 அக்டோபர் 2 முதல் 2024 மார்ச் 28 வரை, 179 நாள் சர்வதேச தோட்டக்கலைக் கண்காட்சி நடந்தது. 'பசும் பாலைவனம், சிறந்த சுற்றுச்சூழல்' என்பது அதன் முழக்கம். வளைகுடாவில் பூங்காக்களுக்குத் தண்ணீர்க் குழாய் போடுவது என் பிழைப்பு. அதனால் கேள்விகள் என்னிடம் வந்து சேர்ந்தன.

பாலைவனத்தின் நடுவிலா நடந்தது, அண்ணே?

இல்லை தம்பி. நகரத்துக்குள்ளே, கடற்கரைச் சாலையை ஒட்டிய அல் பித்தா பூங்காவில். கிட்டத்தட்ட 17 லட்சம் சதுர மீட்டர் இடம். 2021-லேயே தொடங்கியிருக்க வேண்டியது, கொரோனா தள்ளிப்போட்டுவிட்டது.

குளிர்காலமாகப் பார்த்து ஏன்?

ஜூலையில் 45 டிகிரி வெயிலில் பூவும் நிற்காது, பார்க்க வருகிறவரும் நிற்கமாட்டார்.

மணலை விளைநிலமாக்கலாம் என்கிறார்களே, நிஜமா?

ஆகும். ஆனால் பாலைவனத்தில் நிலத்துக்கா பஞ்சம்? கத்தாரில் ஆண்டுக்குச் சுமார் 80 மில்லிமீட்டர் மழைதான். சென்னையில் ஒரே ராத்திரியில் அதைவிட அதிகமாகக் கொட்டியிருக்கிறது. அங்கே குடிநீர் பெரும்பாலும் கடல்நீரைச் சுத்திகரித்து வருவது. பண்ணைகள் நிலத்தடி நீரை இறைக்கின்றன. மழை ஊறுவதைவிட இறைப்பது அதிகம், அதனால் கிணறுகள் உவர்த்துக்கொண்டே போகின்றன. சாலையோர மரங்களுக்கும் தீவனப் புல்லுக்கும் சுத்திகரித்த கழிவுநீர் போகிறது. என்னைக் கேட்டால் அதுதான் உருப்படியான வேலை.

சவுதியின் கதையையும் கேளுங்கள். 1980-களில் வட்டமாகச் சுழலும் நீர்த்தெளிப்பான்களை வைத்து மணலில் கோதுமை போட்டார்கள், ஏற்றுமதியே செய்தார்கள். இறைத்தது பல்லாயிரம் ஆண்டுக்கு முன் பெய்து பாறைக்கடியில் தங்கிய தண்ணீர், அது திரும்ப ஊறாது. 2008-ல் உள்ளூர்க் கோதுமைக் கொள்முதலைக் குறைக்கத் தொடங்கி, 2016-ல் நிறுத்தினார்கள். பிற்பாடு ஓரளவு திரும்ப ஆரம்பித்தது வேறு விஷயம்.

சொட்டுநீர் போட்டால் தீர்ந்ததா?

பாதிதான் தீரும், அக்கா. தண்ணீர் ஆவியாகிவிடும், அதிலிருந்த உப்பு ஆவியாகாது. துளி விழும் இடத்தைச் சுற்றி வெள்ளையாகப் பூத்து நிற்கும். அவ்வப்போது கூடுதலாகத் தண்ணீர் விட்டு உப்பைக் கீழே இறக்க வேண்டும். மிச்சம் பிடிக்கத்தான் சொட்டுநீர், ஆனாலும் அந்தச் செலவு தப்பாது. கண்காட்சிக்குப் போகிறவர்கள் பூவைத்தான் போட்டோ எடுப்பார்கள். நான் குனிந்து மண்ணைப் பார்ப்பேன், தொழில் புத்தி.

தண்ணீரே இல்லாமல் மணலை நிறுத்த வழி உண்டா?

சீனாவில் ஷாபோடோவில் செய்தார்கள். 1950-களில் பாவோடோ–லான்ஜோ ரயில் பாதையை மணல் மூடாமலிருக்க, வைக்கோலை மணலில் பாதி புதைத்து மீட்டருக்கு மீட்டர் கட்டம் கட்டினார்கள். காற்றின் வேகம் தரையோடு அடங்கிவிடும், கட்டத்துக்குள் செடி வேர் பிடிக்கும். மண்வெட்டியும் வைக்கோலும்தான் செலவு.

எந்த மரம் வைத்தால் தாங்கும்?

வளைகுடாவில் 'காஃப்' என்று ஒரு மரம். பெயர் புதிதே தவிர ஆள் நமக்குப் பழக்கமானவர், கோயில்களில் நாம் சுற்றிவரும் வன்னி மரம்தான் அது! வேர் ஆழமாகப் போய்த் தண்ணீர் தேடிக்கொள்ளும். 'சித்ரா' என்று இன்னொன்று, நம்ம இலந்தைக்குப் பங்காளி. நம்மைப் படுத்துகிற சீமைக் கருவேலம் அங்கேயும் பரவி உயிரை வாங்குகிறது.

கண்காட்சி முடிந்துவிட்டதே, இனி எங்கே பார்ப்பது?

இதே தரத்திலான அடுத்த கண்காட்சி 2027 மார்ச்சில் ஜப்பானின் யோகோஹாமாவில் தொடங்குகிறது. அங்கே மழைக்குக் குறைவில்லை, என் போன்ற குழாய்க்காரனுக்கு வேலை இருக்காது. தோஹாவில் இருக்கிற உங்கள் அண்ணன் தம்பிகளைக் கேட்டால் அல் பித்தா பூங்காவைச் சுற்றிக்காட்டுவார்கள்.