காசு கட்டியவர் கணக்கு

கேள்வி: நியூயார்க் மேயர் பதவிக்குத் தன் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க டெமாக்ரடிக் கட்சி 2025 ஜூனில் நடத்திய பிரைமரியில், அதாவது உட்கட்சித் தேர்தலில், மம்தானி ஜெயித்தார். யார் ஜெயிப்பார் என்று பணம் கட்டும் கணிப்புச் சந்தைகள் வாரக்கணக்கில் அவரது போட்டியாளர் குவோமோ பக்கம்தான் சாய்ந்திருந்தன. ஒரு தேர்தலில் தவறிவிட்டது என்பதற்காக அவற்றை ஒதுக்கிவிடலாமா? கருத்துக்கணிப்பில் வாய்க்கு வந்ததைச் சொல்லலாம். சொந்தக் காசைக் கட்டுகிறவன் யோசித்துத்தான் கட்டுவான். அமெரிக்கத் தேர்தல் பற்றி இவ்வளவு எழுதும் நீங்கள் அந்தச் சதவீதங்களை ஏன் போடுவதில்லை?
– வாசகர், திருச்சி

பதில்: காசு கட்டுகிறவர் யோசித்துத்தான் கட்டுகிறார், ஒப்புக்கொள்கிறேன். எதை வைத்து யோசிக்கிறார் என்பதுதான் என் கேள்வி.

பாலிமார்க்கெட், கல்ஷி போன்ற தளங்களில் 'குவோமோ வெல்வார்' என்று ஒரு பங்கு விற்பனைக்கு இருக்கும். அவர் வென்றால் அதற்கு ஒரு டாலர் கிடைக்கும், தோற்றால் ஒன்றும் கிடையாது. அந்தப் பங்கு 80 சென்ட்டுக்குக் கைமாறினால், 'குவோமோவுக்கு 80 சதவீத வாய்ப்பு' என்று செய்தி வந்துவிடுகிறது. அது அந்த நேரத்து விலை, அவ்வளவுதான். ஆனால் படிக்கிறவர் மனதில் 'நூற்றுக்கு எண்பது பேர் அவர் பக்கம்' என்றே பதிகிறது. எனக்கு வரும் கடிதங்களிலேயே இதைப் பார்க்கிறேன்.

80 சதவீதம் என்றால் ஐந்தில் ஒரு முறை கவிழும் என்றும் அர்த்தம். அதனால் மம்தானி ஜெயித்ததை மட்டும் வைத்துச் சந்தை பொய் என்று நான் சொல்ல மாட்டேன். 2024 அதிபர் தேர்தலில் கருத்துக்கணிப்புகள் இழுபறி என்றபோது சந்தைகள் டிரம்ப் பக்கம் சாய்ந்திருந்தன, அது சரியாகவும் இருந்தது. ஆனால் பொதுத்தேர்தல் வேறு, பிரைமரி வேறு. பொதுத்தேர்தலில் பெரும்பாலானவர்கள் தங்கள் கட்சிக்கே ஓட்டுப் போடுவார்கள். பிரைமரியில் எல்லோரும் ஒரே கட்சிக்காரர்கள். இன்று ஒருவர், நாளை இன்னொருவர் என்று மனம் மாற எந்தத் தடையும் இல்லை. அதைவிட முக்கியம், வந்து ஓட்டுப் போடுகிறவர்கள் குறைவு. அந்தக் குறைவான பேர் யார் என்பதுதான் முடிவைத் தீர்மானிக்கிறது.

நியூயார்க்கில் டெமாக்ரட் என்று பதிவு செய்தவர்கள் மட்டுமே அந்தப் பிரைமரியில் ஓட்டுப் போட முடியும். அந்தப் பிப்ரவரியில் வந்த ஒரு கருத்துக்கணிப்பில் மம்தானிக்கு 1 சதவீதம். எதிரே இருந்த குவோமோ முன்னாள் ஆளுநர், பெரும் பணக்காரர்களின் ஆதரவு பெற்றவர். மம்தானியின் தொண்டர்கள் வீடு வீடாகக் கதவைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். வாடகை உயர்வை நிறுத்துவேன், பேருந்துக் கட்டணத்தை ரத்து செய்வேன் என்று அவர் சொன்னது, வழக்கமாகப் பிரைமரிப் பக்கமே வராத இளைஞர்களை இழுத்தது. இது கணினித் திரையில் தெரியாது. திரைக்கு முன்னால் இருந்தவர்கள் கையில் இருந்தவை பெரும்பாலும் கருத்துக்கணிப்புகள்தான். நீங்கள் நம்ப வேண்டாம் என்கிற அதே கருத்துக்கணிப்புகள்! அந்தப் பிரைமரியில் வாக்காளர்கள் வேட்பாளர்களை விருப்ப வரிசைப்படி குறிப்பார்கள், பின்தங்கியவர்களை நீக்கி நீக்கிப் பல சுற்றாக எண்ணுவார்கள். தேர்தலுக்கு முந்தைய நாள் வந்த எமர்சன் கல்லூரியின் கருத்துக்கணிப்பு, கடைசிச் சுற்றில் மம்தானி 51.8 சதவீதம் பெறுவார் என்றது. அதற்குப் பிறகு விலை ஆட்டம் கண்டது. இறுதிக் கணக்கில் மம்தானிக்கு 5 லட்சத்து 73 ஆயிரம் ஓட்டு, குவோமோவுக்கு 4 லட்சத்து 43 ஆயிரம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பாலிமார்க்கெட்டின் முக்கியத் தளத்தில் அமெரிக்காவில் இருப்பவர்கள் பணம் கட்ட அப்போது விதிப்படி அனுமதியே இல்லை. 2022இல் அரசு ஒழுங்குமுறை ஆணையத்துடன் ஏற்பட்ட உடன்பாட்டில் வந்த தடை அது. நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியில் ஓட்டுப் போடப் போகிற ஒருவரின் மனதை, அந்த ஊர்ப் பக்கமே வராதவர் விலை வைத்து வாங்குகிறார், விற்கிறார். அந்த விலையை மக்கள் மனநிலை என்று நான் எப்படி அச்சிடுவேன்?

2020இல் அதிபர் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க டெமாக்ரடிக் கட்சி மாநிலம் மாநிலமாக நடத்திய போட்டியை நினைத்துப் பாருங்கள். பிப்ரவரியில் அயோவாவில் பைடன் நான்காமிடம், நியூ ஹாம்ப்ஷயரில் ஐந்தாமிடம். சந்தையில் அவர் விலை சரிந்தது. போட்டியாளர்களில் சாண்டர்ஸ் முதலிடத்தில் நின்றார், ஒரு மாநிலத்தில்கூட அதுவரை போட்டியிடாத புளூம்பெர்க் பைடனைத் தாண்டிப் போனார். பிப்ரவரி 26 அன்று தெற்குக் கரோலினாவின் செல்வாக்குமிக்க கறுப்பின நாடாளுமன்ற உறுப்பினர் ஜிம் கிளைபர்ன் பைடனுக்கு ஆதரவு தெரிவித்தார். 29ஆம் தேதி அங்கே பைடன் பெரிய வெற்றி பெற்றார். மற்ற போட்டியாளர்களான புட்டிஜெஜும் குளோபுச்சாரும் விலகி அவர் பின்னால் வந்தார்கள். மார்ச் 3இல் ஒரே நாளில் ஓட்டுப் போட்ட 14 மாநிலங்களில் 10 அவருக்கு. ஒரே வாரத்தில் எல்லாம் தலைகீழ். தெற்குக் கரோலினாவின் கறுப்பின மக்கள், குறிப்பாக வயதானவர்கள், பைடனைப் பல ஆண்டுகளாக அறிந்தவர்கள். சந்தை சரிந்த நாளிலும் அவர்கள் அங்கேதான் இருந்தார்கள்.

எனக்கு உண்மையான கவலை அப்புறம்தான் வருகிறது. பிரைமரியில் 'இவர் எப்படியும் தோற்கப் போகிறவர்' என்ற பேச்சு கிளம்பினால் நன்கொடை நிற்கும், தொண்டர் சோர்வார், ஓட்டுப் போட நினைத்தவர் வீட்டிலேயே இருந்துவிடுவார். பணம் குறைவாகப் புழங்கும் சின்னப் பிரைமரிச் சந்தைகளில் வசதியுள்ள ஒருவரே விலையை நகர்த்திவிட முடியும். 2024 அதிபர் தேர்தல் போன்ற பெரிய சந்தையிலேயே, நான்கு கணக்குகளை வைத்துக் கோடிக்கணக்கான டாலர் கட்டியவர் ஒரே பிரெஞ்சுக்காரர் என்று பாலிமார்க்கெட் சொன்னது. அவர் விலையை ஏற்ற நினைத்தார் என்று நான் சொல்லவில்லை. ஒருவர் கட்டும் பணத்துக்கு எவ்வளவு எடை இருக்கிறது என்று சொல்கிறேன்.

அதனால் எங்கள் பக்கத்தில் அந்த எண் வராது. நீங்கள் பார்த்தே ஆக வேண்டும் என்றால், விலைக்குப் பக்கத்தில் எவ்வளவு பணம் புழங்கியது என்றும் போட்டிருப்பார்கள், அதையும் பாருங்கள். கடைசியாக எந்தக் கருத்துக்கணிப்பு வந்த அன்று விலை மாறியது என்று தேதியையும் ஒப்பிட்டுப் பாருங்கள். நாங்கள் வேட்பாளர் வாடகை பற்றி என்ன சொன்னார், அவருக்கு யார் பணம் தருகிறார்கள், கட்சியில் யார் அவர் பக்கம் போனார்கள் என்று எழுதுகிறோம். அதற்கே இருக்கிற இடம் போதவில்லை.