நெதர்லாந்து கால்பந்து வீரர் ரொனால்ட் கூமன் டிஃபெண்டர்தானே (தடுப்பாட்டக்காரர்), அவ்வளவு கோல் எப்படி?

டிஃபெண்டர்தான், ஆனால் அணியின் ஃப்ரீ கிக், பெனால்டி எல்லாம் பெரும்பாலும் அவர் காலுக்குத்தான் வரும், அதனாலேயே 200 கோலைத் தாண்டினார். 1992 ஐரோப்பியக் கோப்பை (கிளப்களுக்கானது, இன்றைய சாம்பியன்ஸ் லீக்) இறுதிப்போட்டி, லண்டன் வெம்ப்ளி மைதானம், கூடுதல் நேரத்தில் 112-வது நிமிடம்: பார்சிலோனா சகாக்களில் ஸ்டோய்ச்கோவ் பந்தை லேசாகத் தட்ட, பக்கேரோ நிறுத்த, கூமன் ஓடிவந்து விட்ட அடியில் இத்தாலிய கிளப் சாம்ப்டோரியா காலி. பார்சிலோனாவுக்கு அதுதான் முதல் ஐரோப்பியக் கோப்பை.

பயிற்சியாளர் வேலைக்கு நேராகத் தாவிவிடவில்லை. முதலில் நெதர்லாந்து அணியிலும், அப்புறம் பார்சிலோனாவில் பயிற்சியாளர் வான் ஹாலிடமும் உதவியாளராக இருந்துவிட்டு, 2000-ல்தான் நெதர்லாந்து கிளப் விட்டெஸ்ஸெயில் தனிப்பொறுப்பு. இன்னொரு நெதர்லாந்து கிளப்பான அயாக்ஸில் லீக் பட்டம் வென்றார். ஸ்பெயின் கிளப் வலென்சியா கதைதான் கொடுமை: 2008-ல் ஸ்பெயின் மன்னர் கோப்பையை வாங்கிக்கொடுத்தார், லீக்கில் அணி தடுமாறியதால் ஒரு வாரம்கூட ஆகவில்லை, வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். என்னைக் கேட்டால், ஆட்டக்காரர் கூமன்தான் ஒரு படி மேல்.