மரத்தில் கப்பல் மாதிரி செய்யத் தொடங்குகிறவர் முதலில் எதில் கவனம் வைக்க வேண்டும்?

கிட் (வெட்டிய மரத் துண்டுகள் பெட்டியில் வரும் தொகுப்பு) வாங்கித் தொடங்கலாமா, முதல் கப்பலாக எதை எடுக்கலாம், பொறுமை குறைந்தவரால் இதைச் செய்து முடிக்க முடியுமா என்று மூன்றையும் சேர்த்துக் கேட்டிருக்கிறீர்கள். முதல் இரண்டுக்கும் பதில் சுருக்கமானது. கிட்டே வாங்குங்கள், ஒற்றைப் பாய்மரம் உள்ள சிறிய படகாகப் பாருங்கள். எல்லோருக்கும் முதல் ஆசை விக்டரி மீதுதான் போகிறது. 1765இல் கடலில் இறக்கப்பட்ட, 104 பீரங்கிகள் கொண்ட போர்க்கப்பல் அது. ஒரு பீரங்கியைச் செய்வது இன்பம். அதே பீரங்கியை, அதே சக்கரங்களோடு, அதே கயிறுகளோடு ஐம்பதாவது முறை செய்யும்போது புதியவருக்குக் கை சலித்துவிடும். பாதியில் அட்டைப்பெட்டிக்குத் திரும்பிய விக்டரிகளைப் பார்த்திருக்கிறேன், வருத்தமாக இருக்கும்.

பொறுமையைப் பற்றிய கேள்விக்கு வருகிறேன். எல்லா இடத்திலும் பொறுமை வேண்டியதில்லை. ஓரிடத்தில் மட்டும் அவசரப்படவே கூடாது. அந்த இடத்தைத்தான் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன்.

கிட்டில் ஏரா, அதாவது கப்பலின் அடிமரம், ஒரே தட்டையான துண்டாக வரும். அதில் வெட்டியிருக்கும் பிளவுகளில் வங்குகளை, நம் விலா எலும்புகளைப் போன்ற குறுக்குத் துண்டுகளை, செங்குத்தாகப் பொருத்த வேண்டும். ஒட்டி முடித்ததும் கப்பலின் உருவம் வந்துவிட்டது போலத் தோன்றும், கை உடனே பலகை ஒட்டத் துடிக்கும். அங்கேதான் நிற்க வேண்டும். வங்குகளின் விளிம்பு இயந்திரத்தில் நேராக வெட்டப்பட்டது. கப்பலின் உடலோ முன்னும் பின்னும் வளைந்து ஒடுங்குகிறது. அப்படியே பலகையை வைத்தால் அது வங்கின் ஒரு முனையை மட்டும்தான் தொடும். அந்த விளிம்புகளை எல்லாம் உப்புத்தாளால் சரிவாகத் தேய்த்தெடுக்க வேண்டும்.

போதுமா என்று பார்ப்பதற்கு ஒரே வழிதான். மெல்லிய மரப்பட்டி ஒன்றை எடுத்து முன்பக்கத்திலிருந்து பின்பக்கம் வரை வங்குகளின் மேல் படிய வையுங்கள். விளக்குக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். பட்டிக்கும் வங்குக்கும் நடுவே வெளிச்சம் கசிந்தால் அந்த வங்கு தாழ்ந்திருக்கிறது. மெல்லிய துண்டு ஒன்றை அதன் மேல் ஒட்டி உயர்த்துங்கள். பட்டி ஓரிடத்தில் முட்டிக்கொண்டு மடங்கினால் அங்கே இன்னும் தேய்க்க வேண்டும். மேலே, நடுவில், கீழே என்று பட்டியை நகர்த்தி நகர்த்திப் பாருங்கள். என் முதல் படகில் இந்த வேலையை ஒரே மாலையில் முடித்துவிட்டேன். முன்பக்கத்திலிருந்து இரண்டாவது வங்கு அரை மில்லிமீட்டர் தாழ்ந்திருந்தது. பலகை இரண்டு அடுக்கு போர்த்தியும் அது மறையவில்லை. மெருகு பூசியபின் பக்கவாட்டில் வெளிச்சம் விழும்போதெல்லாம் அந்தக் குழி நிழலாகத் தெரிகிறது. இப்போதெல்லாம் இதற்கு ஒரு வாரம் ஒதுக்குகிறேன். 17ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்துக் கடற்படைக் கப்பல்களுக்குச் செய்த மாதிரிகள் பலவற்றில் கீழ்ப்பாதியைப் பலகை போர்த்தாமல் வங்குகள் தெரியும்படியே விட்டிருக்கிறார்கள். அந்த வளைவுகளைப் பார்த்தால் கப்பலின் அழகு எங்கே தீர்மானமாகிறது என்பது புரியும்.

அடுத்தது பலகை, அதாவது வங்குகளின் மேல் வரிசையாக ஒட்டும் மரப்பட்டிகள். நடு வங்கின் விளிம்பை மேலிருந்து ஏரா வரை அளந்து பாருங்கள். முன்பக்க முனையில் உள்ள வங்கையும் அளந்து பாருங்கள். முனையில் நீளம் குறைவு. நடுவில் 12 பட்டிகள் படியும் என்றால் அதே 12 பட்டிகள் முனையில் குறுகிய இடத்துக்குள் அடங்கியாக வேண்டும். அதனால் ஒவ்வொரு பட்டியையும் முனையை நோக்கிச் சிறிது சிறிதாகக் குறுக்கி இழைக்க வேண்டும். பாதி அகலத்துக்கும் கீழே குறுக்க வேண்டாம். அவ்வளவு மெலிந்தால் பட்டி பிளந்துவிடும். அத்தகைய இடத்தில் இரண்டு பட்டிகளை ஒன்றில் முடித்துவிடுங்கள். அரைமணி நேரம் தண்ணீரில் ஊறிய பட்டி சூட்டில் எளிதாக வளையும். இடப்பக்கம் ஒன்று ஒட்டினால் வலப்பக்கம் ஒன்று ஒட்டுங்கள். ஒரு பக்கத்தை மட்டும் ஒட்டிக்கொண்டே போனால் ஏரா அந்தப் பக்கம் வளைந்துவிடும், பிறகு நிமிர்த்த முடியாது.

மேல்தளம் எளிது. பட்டியின் ஓரத்தில் பென்சிலால் ஒரு கோடு தேய்த்து ஒட்டினால் பலகைகளுக்கு இடையே தார் பூசிய கலப்பற்று, அதாவது தண்ணீர் புகாமல் இடுக்கை அடைக்கும் அடைப்பு, போலவே தெரியும். எனக்கு மிகவும் பிடித்த வேலை இது.

கடைசியாகக் கயிறு. பாய்மரத்தைப் பக்கவாட்டில் தாங்கும் கயிறுகளுக்குக் கறுப்பு நூல். அசல் கப்பலில் அவற்றுக்குத் தார் பூசியிருப்பார்கள். பாய்களை இழுக்கும் கயிறுகளுக்கு வெளிர் நூல். நூலைத் தேன்மெழுகில் ஒருமுறை இழுத்தால் பிசிறு அடங்கும். மாலுமிகள் ஏறும் கயிற்றேணிக்கு, சம இடைவெளியில் கோடு போட்ட தாளைப் பின்னால் வைத்துக்கொண்டு கட்டுங்கள். 1:64 அளவில் 160 செ.மீ. உயரமுள்ள மாலுமி 25 மில்லிமீட்டர்தான் இருப்பான். ஏணிப்படி அவன் கால் வைக்கும் இடைவெளியில் இருக்க வேண்டும். முடிச்சை அழுத்தி இறுக்காதீர்கள்; இரு ஓரத்துக் கயிறுகளும் உள்ளே இழுபட்டு ஏணி இடுப்பு ஒடுங்கினாற்போல் ஆகிவிடும். எனக்கு இது நேர்ந்து, முப்பது வரிசையையும் அறுத்துவிட்டு மீண்டும் கட்டினேன். இப்போது ஒவ்வொரு வரிசைக்குப் பிறகும் ஓர் அடி தள்ளி நின்று ஓரக் கயிறு நேராக இருக்கிறதா என்று பார்க்கிறேன். கண் களைத்தால் அன்றைய வேலையை அந்த வரிசையோடு நிறுத்திவிடுகிறேன்.