ஆராதனையில் உண்மையும் தாழ்மையும்: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

நான் இறையியல் பேராசிரியன் இல்லை. பல வருடங்களாக ஆராதனை நடத்துகிறவன், அதில் பலமுறை வழுக்கியவன். அந்த அளவில் பதில் சொல்கிறேன்.

கேள்வி: சபையில் சத்தமாக ஜெபிக்கும்போது, கேட்கிறவர்களுக்காக வார்த்தைகளை அழகுபடுத்துகிறேன். இனி பொதுவில் ஜெபிக்காமல் இருந்துவிடலாமா, ஐயா?

வேண்டாம். "அறைவீட்டுக்குள் பிரவேசித்து" ஜெபிக்கச் சொன்ன இயேசுவே, இறந்துபோன தம் நண்பன் லாசருவின் கல்லறை முன்னால் எல்லார் காதிலும் விழ ஜெபித்தார். சூழ்ந்து நிற்கும் ஜனங்களுக்காகவே அப்படிச் சொன்னதாகவும் சொல்கிறார் (யோவான் 11). ஆக, பிறர் கேட்பது தவறில்லை. அவர்கள் பாராட்ட வேண்டும் என்று காத்திருக்கும்போதுதான் சிக்கல்.

எனக்கு உதவிய ஒரு சின்ன வழி: சபையில் ஐந்து நிமிடம் ஜெபிக்கிறவன், தனியே அதைவிட அதிக நேரம் ஜெபிக்கிறானா என்று பார்த்துக்கொள்வது. தனியே ஒன்றுமே இல்லையென்றால், சபையில் கொஞ்ச நாள் ஜெபத்தைச் சுருக்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: மனதில் எதுவும் உணராமல் பாடுகிறேன். இது மாய்மாலம் இல்லையா?

மத்தேயு 6-இல் "மாயக்காரர்" என்று வருகிற இடத்தில் கிரேக்க மூலத்தில் இருப்பது மேடை நடிகனைக் குறித்த சொல். முகமூடி போட்டு இன்னொருவராகப் பேசுகிறவன். வறண்ட மனதோடு வந்து நிற்பது நடிப்பு ஆகாது. வறட்சியை மறைக்கக் கண்ணைச் சுருக்கி உருகுவதுபோல் காட்டினால், அது நடிப்பு.

88-ஆம் சங்கீதத்தை ஒருமுறை முழுதாக வாசியுங்கள். மற்ற புலம்பல்களில் பெரும்பாலும் கடைசியில் ஒரு நம்பிக்கை வரி வரும். இதில் இல்லை, இருளோடு முடிகிறது. அதுவும் ஆராதனைப் பாட்டுகளின் தொகுப்பில்தான் இருக்கிறது. "ஆண்டவரே, இன்றைக்கு எனக்குள் ஒன்றும் இல்லை" என்பதும் ஜெபம்தான்.

கேள்வி: எழுதிவைத்த ஜெபத்தை வாசிப்பதைவிட மனதிலிருந்து வருவதுதானே உண்மையானது?

அப்படிப் பிரிக்க முடியாது. சிலுவையில் இயேசு சொன்ன "என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்" 22-ஆம் சங்கீதத்தின் முதல் வரி, அதாவது ஏற்கெனவே எழுதப்பட்டிருந்த ஜெபம். சொந்தமாக ஜெபிக்கிறவர்களும் வாரத்துக்கு வாரம் அதே சொற்றொடர்களைச் சுற்றிவருவதைக் கவனித்திருப்பீர்கள் (என்னையும் சேர்த்துத்தான்).

கேள்வி: "நான் புழு, ஒன்றுக்கும் உதவாதவன்" என்று ஜெபத்தில் அடிக்கடி சொல்கிறேன். இதுதான் தாழ்மையா?

சரி, லூக்கா 18-இல் இயேசு சொன்ன உவமைக்குப் போவோம். மதச் சட்டத்தைக் கண்டிப்பாகக் கடைப்பிடிக்கும் ஒரு பரிசேயனும், வரி வசூலிக்கும் ஒரு ஆயக்காரனும் ஆலயத்தில் ஜெபிக்கிறார்கள். அந்தப் பரிசேயன் பொய் சொன்னதாக இயேசு சொல்லவில்லை என்பதைப் பலர் கவனிப்பதில்லை. வாரத்தில் இரண்டுதரம் உபவாசித்திருப்பான். மோசேயின் சட்டம் கட்டாயப்படுத்தியது வருடத்தில் ஒரே ஒரு பாவநிவிர்த்தி நாளைத்தான். தசமபாகமும் கொடுத்திருப்பான். அதாவது, அவன் உண்மையைத்தான் பேசினான்! ஆனால் தேவனோடு பேசிக்கொண்டே பக்கத்து ஆளை அளந்தான். "இந்த ஆயக்காரனைப்போலவும்" என்கிறான் பாருங்கள், அந்த இடத்தில் ஜெபம் திசைமாறிவிட்டது.

ஆயக்காரன் தன்னைப் பற்றி நீளமாகப் பேசவே இல்லை. "தேவனே! பாவியாகிய என்மேல் கிருபையாயிரும்" என்று மார்பில் அடித்துக்கொண்டான், அவ்வளவுதான். தன்னைத் திட்டித்திட்டியே பத்து நிமிடம் ஓட்டினால், அந்தப் பத்து நிமிடமும் பேச்சு உங்களைப் பற்றித்தானே? அப்புறம் இன்னொரு பொறி: "அந்தப் பரிசேயனைப்போல் நான் இல்லை, ஸ்தோத்திரம்" என்று நம் மனம் சொல்லும். எனக்கு இந்த உவமையைப் பிரசங்கித்துவிட்டு இறங்கும்போதே அது நடந்திருக்கிறது.

கேள்வி: பாடல் நடத்துகிறேன். முடிந்ததும் எல்லாரும் பாராட்டுகிறார்கள், மனம் குளிர்ந்துபோகிறது.

நன்றி சொல்லிவிட்டு நகருங்கள். "எல்லாம் கர்த்தருடைய கிருபை" என்று நீட்டி முழக்கினால் இரண்டாவது பாராட்டும் வரும். ஹிப்போவின் ஆயர் அகுஸ்தீனுக்கே சுமார் 1,600 வருடங்களுக்கு முன் இதையொத்த கவலை இருந்தது: பாடப்படும் சொல்லைவிடப் பாட்டு தன்னை அதிகம் உருக்கினால் அது பாவம் என்று வருந்தினார். ஆனாலும் சபையில் பாட்டு வேண்டாம் என்று சொல்லவில்லை.

கேள்வி: சகோதரர் ஒருவரோடு பேச்சுவார்த்தை இல்லை. காணிக்கை போடலாமா?

மத்தேயு 5:23, 24. காணிக்கையைப் பலிபீடத்தின் முன் வைத்துவிட்டு முதலில் அவரிடம் போங்கள். இதில் வேறு விளக்கம் தேட வேண்டாம்.

கேள்வி: சிலர் கையை உயர்த்தி அழுவது வெறும் நாடகமாகத் தெரிகிறது. சொல்லித் திருத்தலாமா?

1 சாமுவேல் 1-இல் வரும் அன்னாள் என்ற பெண் உதடு மட்டும் அசைய ஜெபித்தபோது, ஆசாரியன் ஏலி அவள் வாயையே கவனித்துக்கொண்டிருந்தார். கவனித்துவிட்டு, குடித்திருக்கிறாள் என்று முடிவுகட்டி அதட்டினார். அவளோ தன் இருதயத்தைக் கர்த்தருடைய சந்நிதியில் ஊற்றிக்கொண்டிருந்தாள். அவள் விளக்கம் சொன்ன பிறகு ஏலி வாதாடவில்லை, "சமாதானத்துடனே போ" என்று வாழ்த்தி அனுப்பினார்.