துணிக்கடையில் விற்ற இதழ்

கேள்வி: ஆண்களுக்கான ஆங்கில இதழ்கள் தொடக்கத்திலிருந்தே கவர்ச்சிப் படங்களை நம்பித்தான் நடந்தனவா?
– வாசகர், திருச்சி

பதில்: முழுக்க அப்படியில்லை. 1933-இல் அமெரிக்காவில் தொடங்கிய எஸ்குயர், ஆண்களின் உடைநாகரிகத்தையும் நாவலாசிரியர் ஹெமிங்வேயின் எழுத்தையும் ஒரே அட்டைக்குள் வைத்து, 50 சென்ட் விலையில் துணிக்கடைகள் வழியாகவும் விற்கப்பட்டது. (கவர்ச்சி ஓவியங்கள் அதிலும் உண்டு என்பதை மறைப்பானேன்!) 1953-இல் மர்லின் மன்றோவின் படத்துடன் வந்த பிளேபாயின் முதல் இதழ், அடுத்த இதழ் வருமா என்று அதன் நிறுவனர் ஹியூ ஹெஃப்னருக்கே நிச்சயமில்லாததால் தேதி அச்சிடப்படாமலேயே வெளியாகி, 50,000 பிரதிகளுக்கு மேல் விற்றுச் சந்தையின் போக்கையே மாற்றியது. 1994-இல் பிரிட்டனில் பிறந்த லோடட், கால்பந்து, பீர், கேலி என்று இறங்கி, 2015-இல் அச்சை நிறுத்தியது. இணையத்தில் இலவசமாகக் கிடைப்பதைக் காசு கொடுத்து வாங்குபவர் யார்? 2016-இல் நிர்வாணப் படங்களைக் கைவிட்ட பிளேபாயே மறு ஆண்டு அவற்றை மீண்டும் கொண்டுவந்தது.