வாசகர் கேள்வி பதில்: நம்ம ஓட்டுல வெளிநாட்டுக்காரனுக்கு என்ன வேலை?

கேள்வி: தம்பி, எங்க குடும்ப வாட்ஸ்அப் குரூப்ல "வெளிநாட்டுக்காரன் நம்ம தேர்தலையே மாத்திடுவான், உஷார்"னு ஒரு ஃபார்வர்ட் சுத்துது. 12 லட்சத்து சொச்சம் பேர் இருக்கற தீவு மொரிஷியஸ், நம்மள ஏமாத்த எவன் மெனக்கெடப் போறான்?
– ஒரு அக்கா, ரோஸ்ஹில்

பதில்: அக்கா, அவனுங்க ஆளை எண்ணிட்டு வர்றதில்ல, இடத்தைப் பாத்துட்டு வர்றானுங்க. நம்ம கடல் பரப்பு மட்டும் 23 லட்சம் சதுர கிலோமீட்டர், டியகோ கார்சியா (அமெரிக்க ராணுவத் தளம் இருக்கற தீவு) விவகாரம் வேற. பக்கத்து வீடு மடகாஸ்கர்ல என்ன நடந்துச்சுன்னு பாருங்க. 2018 அதிபர் தேர்தலப்போ பிரிகோஷினோட (வாக்னர் கூலிப்படை வச்சிருந்தாரே, 2023ல விமானம் விழுந்து செத்தாரே, அவரேதான்) தொடர்பு இருந்த ரஷ்ய ஆளுங்க அங்க போய் இறங்கி வேலை பாத்ததை பிபிசியும் நியூயார்க் டைம்ஸும் தோண்டி எடுத்து எழுதினாங்க, உள்ளூர் பாஷையில பத்திரிகை அடிச்சிருக்காங்க, காசு குடுத்து பசங்களை வச்சு கட்டுரை எழுத வச்சிருக்காங்க, ஒருத்தருக்கு இல்ல பல வேட்பாளருங்களுக்கு பணம் நீட்டியிருக்காங்க. முதல்ல அவங்க தூக்கிப் பிடிச்சது அப்போ அதிபரா இருந்த ராஜோனாரிமாம்பியானினாவை (ஒரே மூச்சுல சொல்றவங்களுக்கு ஒரு ஜோடி டோல் பூரி என் செலவுல). அவர் 9 சதவீதம் கூட தேறல. இவர் தேறமாட்டார்னு தெரிஞ்சதும் கடைசி நேரத்துல ராஜோலினா பக்கம் தாவிட்டாங்க, அவர் ஜெயிச்சாரு, ரஷ்யாகிட்ட உதவியே வாங்கலன்னு மறுத்துட்டாரு. அவங்களாலதான் ஜெயிச்சாருன்னு நான் சொல்ல வரல, அவர் ஏற்கெனவே ஊரறிஞ்ச ஆளு. ஆனா இந்த ஆட்டத்துக்கு நடுவுல ஒரு குரோமியம் சுரங்கமும் இருந்துச்சு, அதை மட்டும் மறந்துடாதீங்க.

கேள்வி: இவ்வளவு பொய்யை ஜனங்க எப்படிங்க நம்புறாங்க?
– வாசகர், காத்ர் போர்ன்

பதில்: பாதி நேரம் பொய்யே தேவைப்படறதில்ல சார். 2016 மே மாசம் அமெரிக்காவுல ஹூஸ்டன் நகரத்துல ஒரு இஸ்லாமிய மையத்துக்கு முன்னாடி ரெண்டு கூட்டம், ரோட்டுக்கு இந்தப் பக்கம் எதிர்ப்பு, அந்தப் பக்கம் ஆதரவு. ரெண்டையும் கூப்பிட்டது ரெண்டு வேற வேற ஃபேஸ்புக் பக்கம், ஆனா ரெண்டு பக்கத்தையும் நடத்தினது செயின்ட் பீட்டர்ஸ்பர்க்ல இருந்த ஒரே ஆபீஸ்! செலவு சுமார் 200 டாலர்னு செனட் விசாரணையில சொன்னாங்க. அந்த ரெண்டு கூட்டத்தோட கோவத்தையும் ரஷ்யாக்காரன் புதுசா உண்டாக்கல, அது அங்கயே இருந்துச்சு, அவன் எரியற தீயில எண்ணெய் ஊத்தினான் அவ்வளவுதான்.

இதை நம்ம ஊருக்கு கொண்டாந்து யோசிச்சுப் பாருங்க. 1998ல புது ரூபா நோட்டுல தமிழை இந்திக்குக் கீழ போட்டாங்கன்னு நாம தெருவுக்கு வந்தோம், கடைசில அந்த நோட்டுகளையே வாபஸ் வாங்கி தமிழை பழைய இடத்துக்கே கொண்டு வந்தாங்க. நியாயமான கோவம்தான், நான் இன்னிக்கும் அந்தப் பக்கம்தான். ஆனா அப்போ ஃபேஸ்புக் இருந்து, தமிழ்ப் பேர்ல ஒண்ணு இந்திப் பேர்ல ஒண்ணுன்னு எங்கயோ உக்காந்துட்டு ஒருத்தனே ரெண்டு பக்கமும் ஓட்டியிருந்தா? நமக்குத்தான் பெஸ்ட் லூசர் சீட்டுக்கு (தோத்த வேட்பாளருங்கள்ல சில பேருக்கு சமூகக் கணக்குப் பாத்து குடுக்கற நாடாளுமன்ற சீட்டு) இன்னும் 1972 கணக்கெடுப்பை வச்சு சமூகம் பிரிக்கற ஏற்பாடு இருக்கே, அவனுக்கு விரிசல் தேடற வேலை கூட மிச்சம்.

கேள்வி: அப்போ தேர்தல் நேரத்துல சோஷியல் மீடியாவையே மூடிட்டா என்ன?
– வாசகர், வாகோவா

பதில்: மூடிப் பாத்தாச்சே! நம்ம ஊர்லயே 2024 அக்டோபர்ல 'மிசியே முஸ்தாஸ்'ங்கற பேர்ல ஒட்டுக்கேட்ட ஃபோன் பேச்செல்லாம் வெளிய வந்துச்சு, அரசாங்கம் ஏஐ வச்சு ஜோடிச்சதுன்னுச்சு, நவம்பர் 1 ஆம் தேதி தேசப் பாதுகாப்புன்னு சொல்லி நவம்பர் 11 வரைக்கும் சோஷியல் மீடியாவை நிறுத்தச் சொன்னாங்க. ஓட்டே 10 ஆம் தேதி! எதிர்ப்பு கெளம்பி மறுநாளே திறந்துட்டாங்க. ரிசல்ட் உங்களுக்கே தெரியும், ஆளுங்கட்சிக்கு 60க்கு 0, பிரதமரே தன் தொகுதியில தோத்தாரு. போலி வீடியோ, வெளிநாட்டுச் சதின்னு பயம் காட்டறது ஆட்சியில இருக்கறவங்களுக்கு ரொம்ப வசதியான சாக்கு, எனக்கு ரஷ்யாக்காரனை விட இதுதான் அதிக பயம். நிஜ ஆடியோவையும் ஏஐன்னு தள்ளிடலாம் பாருங்க.

கேள்வி: ருமேனியா மாதிரி தேர்தலையே ரத்து பண்றது சரியா?
– கல்லூரி மாணவி, ரெதுயி

பதில்: 2024 டிசம்பர் 6 அன்னிக்கு அங்க அரசியல் சாசன நீதிமன்றம் அதிபர் தேர்தலோட முதல் சுத்தையே ரத்து பண்ணுச்சு, டிக்டாக்ல திடீர்னு மேல வந்த ஜார்ஜெஸ்கு முதலிடம் பிடிச்ச தேர்தல் அது. என்னைக் கேட்டா அவசரம். வெளிநாட்டுக்காரன் தலையீடுங்கற குற்றச்சாட்டுக்கு ஆதாரத்தை ஜனங்களுக்கு முழுசா காட்டிட்டு பண்ணியிருந்தா இவ்வளவு சந்தேகம் மிஞ்சியிருக்காது.

கேள்வி: எங்க மாமா தினமும் பத்து ஃபார்வர்ட் போடறாரு, எதையும் செக் பண்றதில்ல. குரூப்பை விட்டு வந்துடவா?
– வாசகி, போர்ட் லூயி

பதில்: வேண்டாம்மா, நீங்க போயிட்டா அங்க கேள்வி கேக்க ஆளே இருக்காது. எழுத்துப் பிழை இருந்தா போலின்னு நம்பாதீங்க, 2020ல கானாவுல உக்காந்து அமெரிக்கக் கறுப்பினத்தவங்களுக்கு அவங்க பேசற மாதிரியே போஸ்ட் போட்டுட்டு இருந்த ஒரு ரஷ்ய ஏற்பாட்டையே பிடிச்சாங்க. யார் மேலயாவது உடனே கோவம் வர வைக்கற மெசேஜா இருந்தா, முதல்ல எங்க வந்துச்சுன்னு மாமாகிட்ட தனியா கேளுங்க. குரூப்ல எல்லார் முன்னாடியும் திருத்தினீங்கன்னா வம்புக்குன்னே இன்னும் நாலு அனுப்புவாரு.